முகாமுக்கு எடுத்துப்போகும் சின்ன கிரில்லுக்கு அடியில் துளை எதற்கு?

பழைய எவர்சில்வர் டப்பாவில் கரியைப் போட்டு, மேலே கம்பி வலை வைத்தால் கிரில் ஆகிவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். கிரில் என்பது தணலின் வெப்பத்தில் நேரடியாகச் சுடும் அடுப்பு, அவ்வளவுதான். ஆனால் தணல் நிற்கக் காற்று வேண்டும். சூடான காற்று மேலே எழும்பும்போது, அடியிலுள்ள துளை வழியே புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். துளை இல்லையென்றால் சாம்பல் மூடி, கரி பாதியிலேயே கறுத்துப்போகும். தெருமுனை இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டியைப் பாருங்கள், பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அதே வேலைதான்.

கரியை டப்பாவின் அடியில் கொட்டாமல், இரண்டு விரல் உயரத்தில் ஒரு துளைத்தட்டில் வையுங்கள். சாம்பல் கீழே உதிர்ந்துவிடும். அப்புறம், நாகம் (துத்தநாகம், அதாவது ஜிங்க்) பூசிய வாளி, வலை எதுவும் வேண்டவே வேண்டாம். நாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும். தணலின் சூடு அதைவிட அதிகம். சூடேறிய நாகத்திலிருந்து எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வாங்குவதானால், கால் மடியும் எவர்சில்வர் கிரில்தான் என் தேர்வு.

சுடர் அணைந்துவிட்டது, வெறும் தணல்தானே, குளிருக்குக் கூடாரத்துக்குள் வைக்கலாம் என்று நினைப்பது தவறு: புகையே தெரியாத தணலும் மணமற்ற கார்பன் மோனாக்சைடை வெளியிடும், தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.