சிப் போலி இல்லை தம்பி, கால் அந்தரத்தில் நிற்கிறது

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன் சார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். லாஜிக் சிப்புகளை வைத்து ஓர் இரைச்சல் சிந்தசைசரும் எட்டுப் படி சீக்வென்சரும் (ஒலியைப் படிபடியாக வரிசையில் இயக்கும் சர்க்யூட்) செய்திருக்கிறேன். தாளத்துக்கு ஒரு 40106, படி எண்ண ஒரு 4017, ஒலி எழுப்ப ஒரு 4093, கடைசியில் 386 ஆம்ப். எல்லாம் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகும் பலகை), 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. ஒரு படியில் ஒலி வந்துவிட்டால், சுவிட்ச் அணைத்திருக்கிற அடுத்த படியிலும் அது நிற்பதில்லை. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் நின்றுவிடுகிறது. சில நேரம் மூன்றாம் படியிலேயே உறைந்துபோகிறது. ப்ராஜெக்ட் சென்டர் நடத்தும் ஒருவர், "சிப் எல்லாம் டூப்ளிகேட். 2,400 ரூபாய் கொடு, புது செட் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் லாஜிக் சிப் மூன்றும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன. கை பக்கத்தில் வந்தால் ஒலி மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். சர்க்யூட்டில் ஏதோ ஒரு இன்புட், அதாவது சிப்புக்குள் சிக்னல் போகும் கால், எங்கும் கட்டப்படாமல் அந்தரத்தில் நிற்கிறது.

40 என்று தொடங்கும் இந்தச் சிப்புகள் சீமாஸ் (CMOS) வகை. 1968-ல் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த வரிசை. இவற்றின் இன்புட் காலுக்கும் உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டருக்கும் நடுவில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் ஒன்று உண்டு. மின்சாரம் அதைத் தாண்டிப் போகாது. அதனால் காலில் ஏறிய மின்னழுத்தம் இறங்க வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். கட்டாத கால் நங்கூரம் போடாத வள்ளம்தான். உங்கள் விரல் வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைச் சுமந்துகொண்டு பக்கத்தில் வந்தாலே போதும், அது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

உங்கள் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். லேபில் 7400 என்கிற பழைய டிடிஎல் (TTL) வகைச் சிப்பைத்தான் கையில் கொடுத்திருப்பார்கள். 5 வோல்ட்டில் ஓடுகிற அந்தச் சிப்பில் இன்புட்டைச் சும்மா விட்டால் பெரும்பாலும் "ஒன்று" என்றே எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை சீமாஸிலும் காலைத் திறந்து விடாமல் என்ன செய்வான்? சீமாஸில் அப்படி விடக்கூடாது என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை. ரெக்கார்டு நோட்டில் படம் வரையவும் கையெழுத்து வாங்கவும் மட்டும் மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. மூன்று வருடம் லாஜிக் படித்த பையனுக்கு இதைக் கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வருகிறது.

சரி, வேலைக்கு வருவோம். 4017-இன் எட்டு அவுட்புட்டிலிருந்தும் சுவிட்ச், டையோடு வழியாக ஒரே கம்பிக்கு வந்து, அந்தக் கம்பியை 4093-இன் 1-ஆம் காலில் கொடுத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. டையோடு போட்டது சரி. போடாமல் அவுட்புட்டுகளை நேரடியாகச் சேர்த்திருந்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியிருக்கும். ஆனால் டையோடு ஒருவழிப்பாதை. படி வரும்போது கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிடும், படி முடிந்தபின் அது எந்த வழியாக இறங்கும்? அதனால்தான் ஒலி நிற்கவில்லை. அந்தக் கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது பேட்டரியின் மைனஸுக்கு, ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஒரு டீக்குக்கூட ஆகாத காசு. உங்கள் முதல் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, உறைந்துபோவது. 4017-இன் 13-ஆம் கால் எண்ணுவதை நிறுத்தி வைக்கும் கால். உங்கள் படத்தில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை. அதைக் கிரவுண்டில் கட்டுங்கள். எட்டுப் படி என்பதால் 9-ஆம் காலை 15-ஆம் காலோடு இணைத்திருக்கிறீர்கள், அது சரி.

பிறகு பயன்படுத்தாத மீதி இன்புட்டுகள். 40106-இல் 1-ஆம், 2-ஆம் கால்களில் மட்டும் தாளம் போட்டிருந்தால் 3, 5, 9, 11, 13 ஐந்தையும் கிரவுண்டில் கட்டுங்கள். 4093-இல் 5, 6, 8, 9, 12, 13. அவுட்புட்டுகளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றையும் சேர்த்துக் கிரவுண்டில் கட்டி சிப்பைச் சுட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு சிப்பின் பவர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, சிப்பை ஒட்டியே, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 386-க்குப் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் ஒன்று. ஸ்பீக்கர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அந்தச் சின்னப் பேட்டரி தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தையும் 4017 ஒரு படி என்று எண்ணிவிடும்.

இன்புட்டை அந்தரத்தில் விடக்கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். இந்த வகைக் கருவிகளை "லுனெட்டா" என்று சொல்வது வழக்கம், ஸ்டான்லி லுனெட்டா என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் பெயரால். இதில் விரலால் தொட்டு வாசிப்பதற்கென்றே சில இன்புட்டுகளை வெளியே இரண்டு செம்புத் தகடாக எடுத்து வைப்பார்கள். விரல் இரண்டையும் தொட்டால் தோலின் தடையே ரெசிஸ்டர் ஆகிவிடும், அழுத்தினால் ஸ்வரம் ஏறும். வேர்த்த கைக்கு ஒரு ஸ்வரம், உலர்ந்த கைக்கு வேறொன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது தனி ருசி. செய்யுங்கள், ஆனால் அங்கேயும் கால் முழுக்க அந்தரத்தில் இருக்கக்கூடாது. தகட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 மெகா ஓமோ 10 மெகா ஓமோ போடுங்கள். காலுக்கு முன்னால் தொடராக ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள், விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம் சிப்பைக் குத்தாது. இன்னொன்று, தொட்டு வாசிக்கிற கருவி பேட்டரியில் மட்டும்தான் ஓட வேண்டும். மலிவு அடாப்டரைச் செருகிவிட்டுத் தகட்டில் கை வைக்காதீர்கள். உள்ளே மின்காப்பு விட்டுப்போனால் 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வரும். சுவரில் செருகிய மைக் செட்டோடு இணைத்திருக்கும்போதும் தகட்டைத் தொடாதீர்கள்.

இப்போது அந்த ப்ராஜெக்ட் சென்டர் விஷயம். உண்மையான டூப்ளிகேட் எங்கே வரும் என்று சொல்கிறேன். 40106 கேட்டால் 74எச்சி14 கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதான், கால் வரிசைகூட அதே" என்பார்கள். கால் வரிசை அதேதான். ஆனால் எச்சி வகை 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 9 வோல்ட் பேட்டரி செருகிய மறுகணம் சூடாகிப் போய்விடும். 74எச்சி4017-க்கும் இதே கதிதான். சிப்பின் முதுகில் எண்ணின் நடுவே "எச்சி" (HC) இருந்தால் கையில் வாங்காதீர்கள். இன்னொரு கூட்டம் "மியூசிக் ஐசி" என்று சொல்லி மூன்று காலுள்ள யூஎம் 66-ஐ விற்கும். அது வாழ்த்து அட்டையில் வருமே, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் சாமான், சிந்தசைசர் ஆகாது. எஸ்என் 76477 என்று ஒரு பழைய ஒலிச் சிப், உற்பத்தி நின்று எத்தனையோ காலம் ஆகிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற ஆளைப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள். ஒரு முறை நான் கூரியரில் வாங்கிய ஐம்பது சிப்பில் முதுகெழுத்தைச் சுரண்டி மேலே புது எண் அடித்திருந்தார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு அழுத்தித் துடைத்ததும் எழுத்து கையோடு வந்தது.

இந்த சென்டர்களை நம்பிப் பிள்ளைகள் கடைசி வருட ப்ராஜெக்டைக் கடையில் வாங்குகிறார்கள், பெட்டியைத் திறக்காமலே வைவாவுக்குப் போகிறார்கள். அதற்கும் மார்க் விழுகிறது. நீங்கள் கையால் செய்து, தப்பு வந்து, கடிதம் போட்டுக் கேட்கிறீர்கள், உங்களிடம் போய் 2,400 ரூபாய்!

சந்தேகம் தீரவில்லை என்றால் நீங்களே சோதியுங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். 40106-ஐத் தனியே செருகி, ஆறு இன்புட்டையும் கிரவுண்டில் கட்டுங்கள். ஆறு அவுட்புட்டிலும் பேட்டரியின் முழு வோல்ட் வர வேண்டும். இன்புட்டுகளை பிளஸ்ஸுக்கு மாற்றினால் எல்லாம் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் சிப் நல்லது.

பிரெட்போர்டை மட்டும் நான் நம்ப மாட்டேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையோரம் எந்த உலோகமும் நிம்மதியாக இருப்பதில்லை. பாம்பன் ரயில் பாலத்தை வருடக்கணக்கில் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்த கதை உங்களுக்கே தெரியும். பிரெட்போர்டின் உள்கிளிப்பில் உப்பு படிந்தால் தொடர்பு வரும், போகும். போதாக்குறைக்கு ஈரமும் உப்பும் சேர்ந்து கால்களுக்கு நடுவே கள்ளவழியில் மின்சாரத்தைக் கசியவிடும். உங்கள் தாளத்துக்கு 1 மெகா ஓம் பாட் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) போட்டிருக்கிறீர்கள். அந்த அளவு தடைக்கு இந்தக் கசிவு பெரிய விஷயம். காலையில் ஒரு வேகம், சாயங்காலம் வேறு வேகம் என்று ஓடினால் காரணம் அதுதான். சர்க்யூட் சரியானதும் பொத்தல் போர்டில் சால்டர் செய்து, மிஞ்சிய ஃப்ளக்ஸை (சால்டர் பசையை) ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் கீழ்ப்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுங்கள். திருகும் பாட் மேலும் சுவிட்ச் மேலும் படக்கூடாது.

கடல் இரைச்சல் வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். 4015-உம் 4070-உம் சேர்த்த எட்டுப் படி ஷிஃப்ட் ரிஜிஸ்டர் (ஒன்று, பூஜ்யங்களைப் படிபடியாக நகர்த்தும் சர்க்யூட்) 255 துடிப்புக்கு ஒருமுறை தொடக்கத்துக்கே திரும்பிவிடும், வேகமாக ஓட்டினால் அது அலையாகக் கேட்காது, வண்டாக ரீங்கரிக்கும். படிகளைக் கூட்டினால்தான் அலை வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஊர்த் திருவிழா மைக் செட்டில் இதை ஓட்டப்போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சீமாஸ் அவுட்புட் 9 வோல்ட் சதுர அலை, மைக் இன்புட்டுக்கு அது அடிதடி. ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிறகு தொடராக 100 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம், அந்தச் சந்திப்பிலிருந்து ஆம்புக்கு. மைக் செட் அண்ணனிடம் முதலில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள்.