ஆழம் வருகிறது, போகிறது: முதலில் டெர்மினேட்டரைப் பாருங்கள்

அக்கரைப்பேட்டைப் படகில் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரை, படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 கேபிள் வழியாக, கடல் வரைபடத் திரையான பிளாட்டரில் இணைத்தபின் ஆழம் விட்டுவிட்டு வருகிறது என்று கேட்டிருந்தீர்கள் அண்ணே. பிளாட்டரை மாற்றிவிடாதீர்கள். டெர்மினேட்டர் என்பது கேபிள் முனையில் மாட்டும் சிறு மின்தடை. அது பேக்போன் என்னும் முதன்மைக் கேபிளின் இரு முனையிலும் ஒவ்வொன்று, மொத்தம் இரண்டுதான் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேபிளின் வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் அளவில் காட்டினால் சரி. 120 என்றால் டெர்மினேட்டர் ஒன்று இல்லை, அல்லது நடுவில் கேபிள் அறுந்திருக்கிறது. 40 என்றால் மூன்றாவது டெர்மினேட்டர் எங்கோ ஒளிந்திருக்கிறது.

அப்புறம் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். நம் உப்புக்காற்றில் பச்சைப் பூத்திருந்தால் அதுவே போதும், இணைப்பு விட்டுப்போக. பேக்போனிலிருந்து கருவிக்குப் போகும் கிளைக் கேபிள் எதுவும் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது.

சரியாகும்வரை கோடியக்கரைத் தெற்கே மணல்திட்டுப் பக்கம் திரையை நம்பிப் போகாதீர்கள், கயிறு விட்டே ஆழம் பாருங்கள்.