வென்டிலேட்டரில் இருக்கும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்தும் மூச்சிரைப்பு குறையவில்லையே, ஏன்?

மருந்தை மாற்றும் முன் அது நுரையீரலைச் சேர்கிறதா என்று பாருங்கள். எச்எம்இ ஃபில்டர் (மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் காக்கும் வடிகட்டி) ஸ்பேசருக்கும் (இன்ஹேலரைப் பொருத்தும் கூடு) நோயாளிக்கும் நடுவே இருந்தால் மருந்து அதிலேயே தங்கிவிடும். கழற்றிவிட்டுக் கொடுத்து, முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள். ஸ்பேசரின் இடம், மூச்சு உள்ளே போகும் குழாயில், ஒய் இணைப்புக்கு (மூச்சு உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் சேரும் இடம்) சுமார் 15 செ.மீ. முன்னால். சளி இருந்தால் முதலில் உறிஞ்சி எடுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சு உள்ளே போகத் தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். கணம் தவறினால் சேரும் அளவு குறையும். 100 மைக்ரோகிராம் வீதம் 4 முதல் 8 முறை, நடுவில் குறைந்தது 15 விநாடி.

ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்பிப் பலனை முடிவு செய்யாதீர்கள். வென்டிலேட்டர் காட்டும் உச்ச அழுத்தத்துக்கும் பிளாட்டோ அழுத்தத்துக்கும் (மூச்சை உள்ளே சற்று நிறுத்தி அளக்கும் அழுத்தம்) உள்ள வித்தியாசம் குறைய வேண்டும், ஆட்டோ பீப் (காற்று முழுதாக வெளியேறாததால் நுரையீரலில் தங்கும் அழுத்தம்) இறங்க வேண்டும். இவை அசையாமல் இதயத்துடிப்பு மட்டும் ஏறினால், தயவுசெய்து டோஸைக் கூட்டாதீர்கள்; இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததா, லாக்டேட் ஏறியதா என்று பாருங்கள்.