ஓடு அமுங்கும் நண்டு: வாங்கலாமா?

கேள்வி: சென்ற ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் உயிரோடு இருந்த களி நண்டு இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டில் உடைத்துப் பார்த்தால் கொடுக்குகளுக்குள் சதை நூல் போல ஒட்டியிருந்தது, மீதியெல்லாம் தண்ணீர். அடிப்புற ஓடு விரல் வைத்தாலே அமுங்கியது. கெட்டுப்போன நண்டை விற்றுவிட்டார்களா?
வாசகி, ராயபுரம்

பதில்: நண்டு கெட்டுப்போகவில்லை, அம்மா. அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. வியாபாரிகள் இதைத் ‘தண்ணி நண்டு’ என்பார்கள். சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் சதைக்கான விலையைத் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்ற உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது.

நண்டின் ஓடு உடம்போடு சேர்ந்து வளராது என்பதால், பெரிதாக வேண்டுமானால் அது பழைய ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அப்போது கொடுக்கின் பருத்த சதை குறுகிய மூட்டின் வழியாக வெளியே வர வேண்டியிருப்பதால், கழற்றுவதற்கு முன்பே அந்தச் சதை மெலிந்துவிடுகிறது. வெளியே வந்ததும் நண்டு தண்ணீரை உறிஞ்சிப் புடைத்து, மென்மையான புதிய ஓட்டை விரித்துக்கொள்கிறது. ஓடு சில நாட்களில் இறுகத் தொடங்கிவிடும். உள்ளே சதை நிரம்புவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில் பிடிபட்ட நண்டுதான் உங்கள் பையில் வந்திருக்கிறது.

ஓடு எதனால் உறுதியாகிறது என்று தெரிந்துகொண்டால் வாங்கும்போது கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும். கைட்டின் என்னும் நார்ப்பொருள், புரதத்தோடு சேர்ந்து மெல்லிய அடுக்குகளாக அமைந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் இழைகளும் கீழடுக்கின் இழைகளிலிருந்து சற்றே திரும்பியிருப்பதால், மேலிருந்து கீழ்வரை சுழல் படிக்கட்டைப் போன்ற ஓர் அமைப்பு உருவாகிறது. இதை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி பூலிகாண்டின் பெயரிலேயே அறிவியலார் இந்த அமைப்பைக் குறிப்பிடுகிறார்கள். ஓட்டில் விழும் விரிசல் நேராக இறங்க முடியாமல் அடுக்குக்கு அடுக்கு திரும்பித் திரும்பிச் செல்ல வேண்டியிருப்பதால், அதன் வேகம் வழியிலேயே செலவாகிவிடுகிறது. இந்த நார்களுக்கிடையே கால்சியம் கார்பனேட் படிந்த பிறகுதான் ஓட்டுக்குக் கடினத்தன்மை கிடைக்கிறது. புதிதாகக் கழற்றிய நண்டில் நார் இருக்கிறது, கால்சியம் இன்னும் போதிய அளவு படியவில்லை. அதனால்தான் அது உடையாமல் தோல் போல வளைகிறது.

ஆகவே முதுகைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நண்டைத் திருப்பச் சொல்லி, அடிமார்பையும் நடக்கும் கால்களின் நீளமான கணுவையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். அடிப்புறம் பளிச்சென்று வெள்ளையாக, கறையே இல்லாமல் இருந்தால் அது புது ஓடு. மங்கிப் பழுப்பேறிய, சிப்பி ஒட்டிய நண்டு பார்க்க அழகாக இராது. நான் அதைத்தான் எடுப்பேன். ஒரே அளவுள்ள இரண்டில் கை கனக்கும் நண்டு எது என்றும் பாருங்கள். இந்தச் சோதனையை ஒரே இன நண்டுகளுக்குள் மட்டும் செய்ய வேண்டும். நீல நண்டின் ஓடு இயல்பிலேயே களி நண்டினுடையதைவிட மெல்லியது.

இன்னொன்று: நண்டைக் கட்டியிருக்கும் ஈரக் கயிறும் தராசில் ஏறுகிறது. கயிற்றுக்குக் கழிவு கேளுங்கள்; தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். "சதை நிறைந்தது" என்று உறுதி சொல்லி விற்றிருந்தால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

கேள்வி: கொடுக்கை இடிக்கும்போது ஓடு தூள்தூளாகிக் குழம்பில் கலந்துவிடுகிறது. என்ன செய்வது?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஈரமுள்ள ஓடு அடியைத் தாங்கி நெகிழ்ந்து கொடுக்கும், காய்ந்த ஓடு நொறுங்கும். கழுவிய நண்டைக் காயவிடாமல் உடனே இடித்துவிடுங்கள். மூட்டுகளை இணைக்கும் சவ்வில் கால்சியம் படிவதில்லை என்பதால், முதலில் அங்கே கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்துவிட்டு, கொடுக்கைத் துணியில் சுற்றி, பருத்த நடுப்பகுதியில் குழவியால் ஒரே ஓர் அடி அடித்தால் போதும். கொடுக்கின் கூர்நுனியில் மட்டும் அடிக்காதீர்கள். இரையைக் கவ்வி நசுக்கும் அந்த இடம் மிகக் கடினமானது, அங்கே எடுப்பதற்குச் சதையும் கிடையாது.