19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் புத்தகத்தில் எழுதிய ஓரக்குறிப்புகள் என்பவை என்ன?

படிக்கும்போதே பக்கத்தின் ஓர வெற்றிடத்தில் எழுதும் சந்தேகம், மறுப்பு, தொடர்ச்சி ஆகியவைதான் ஓரக்குறிப்பு. ஞாபகம் நழுவும், படித்த பக்கத்தைப் பிறகு தேடி எடுப்பது கடினம் என்பதே இதற்கு அடிப்படைக் காரணம்.

டார்வின் முறை கறாரானது. வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்து, புத்தகத்தின் கடைசியில் தனக்கென ஒரு சிறு பொருளடைவு (எது எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) போடுவார். புத்தகம் சொந்தமில்லை என்றால் தனியாகச் சுருக்கம் எழுதி ஒரு பெரிய இழுப்பறையில் சேர்ப்பார். அதோடு தலைப்புவாரியாக 30, 40 கோப்புறைகளும் வைத்திருந்தார். அஞ்சறைப் பெட்டி மாதிரி: சமைக்கும் நேரத்தில் மூட்டையை அவிழ்க்க வேண்டியதில்லை. புதிதாக ஒன்றை எழுதத் தொடங்குமுன் அந்தச் சிறு பொருளடைவுகளைத் திரட்டி ஒரே பட்டியலாக்குவார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் குறிப்புகள் வெறும் கிறுக்கல்கள்தாம். கனமான புத்தகம் கையை வலித்தால் இரண்டாக வெட்டிவிடுவார் (நூலகர்கள் மன்னிப்பார்களாக).

கவிஞர் கோல்ரிட்ஜ் நேரெதிர். ஒழுங்கு கிடையாது, வாதம் உண்டு. அவருடைய ஓரக்குறிப்புகள் மட்டுமே பின்னாளில் 6 தொகுதிகளாயின.

இவையெல்லாம் அந்தரங்கக் கிறுக்கல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கோல்ரிட்ஜ் நண்பர்களின் புத்தகங்களிலும் எழுதினார், அவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே. அவருக்கு இரவல் கொடுத்தால் புத்தகம் குறிப்புகளோடு மதிப்புக் கூடித் திரும்பும் என்று அவருடைய நண்பரும் கட்டுரையாளருமான சார்லஸ் லாம் 1820இல் அச்சிலேயே மெச்சியிருக்கிறார்.