வீட்ல திருட்டுப் போனா கைரேகை எடுத்துட்டுப் போறாங்களே, அதனால நிஜமாவே திருடன் சிக்குவானா, இல்ல சும்மா கண்துடைப்பா?

சிக்குவான், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி மறுநாளே இல்ல. இதே கேள்விக்கு ஏற்கெனவே ஒருத்தர் "பவுடர் தூவி போட்டோ எடுத்து பேப்பர்ல போட்டுக்குவாங்க, தடயம் கிடயம்லாம் சினிமாலதான்"னு எழுதி, அதுக்கு ஏகப்பட்ட லைக் வேற. அதப் பாத்துட்டுத்தான் எழுத உக்காந்தேன். நான் போலீஸ்ல எஸ்எஸ்ஐயா, அதாவது சிறப்பு எஸ்ஐயா ரிட்டயர் ஆனவன். சர்வீஸ்ல பெரும்பகுதி கோர்ட் டூட்டி, அதாவது கேஸ் சொத்துகள கோர்ட்டுக்கும் லேபுக்கும் தூக்கிட்டு அலையுற வேல. விஞ்ஞானி கிடையாது, லேப் ஆளுங்க யாராச்சும் இருந்தா திருத்துங்க. ஆனா லேபுக்குள்ள போற வரைக்கும் ஒரு தடயம் என்ன பாடு படுதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவு அவங்களுக்கே தெரியாது.

முதல்ல உங்க வீட்டு விஷயம். வெளியூர் போயிட்டு வந்திருப்பீங்க, பூட்டு உடைஞ்சு கிடந்திருக்கும், நேரா உள்ள ஓடி பீரோவத் தொறந்து நகை இருக்கான்னு பாத்திருப்பீங்க, வீட்டம்மா கீழ கிடந்த துணியெல்லாம் அள்ளி கட்டில்ல போட்டிருப்பாங்க, பக்கத்து வீடு எதிர் வீடெல்லாம் உள்ள வந்து அதே கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னு உச்சு கொட்டிருப்பாங்க. தப்புன்னு சொல்லல, மனசு பதறுறப்ப யாருக்கு ரேகை ஞாபகம் வரும். இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் ஃபிங்கர்பிரிண்ட் ஆளுங்க வர்றாங்க. பீரோ, கண்ணாடி, டைல்ஸ், எவர்சில்வர் டப்பா மாதிரி வழவழப்பான இடத்துலதான் பவுடர் போட்டா ரேகை நல்லா எழும்பும், சுண்ணாம்புச் சுவத்துலயும் இழைக்காத மரத்துலயும் ரொம்ப கஷ்டம். காகிதத்துல பட்டிருந்தா நின்ஹைட்ரின்னு ஒரு மருந்து இருக்கு, வேர்வைல இருக்க அமினோ அமிலத்தோட சேந்து ஊதா கலர்ல ரேகையக் காட்டும், அதனால நகை வெச்சிருந்த கவர், சீட்டு எதையும் தூக்கிப் போட்றாதீங்க. இப்படி ஸ்பாட்ல கிடைக்கிறத சான்ஸ் பிரிண்ட்டும்பாங்க. அதுல உங்க வீட்டு ஆளுங்க ரேகையக் கழிச்சாத்தான் மிச்சம் இருக்கிறது திருடனோடதான்னு பாக்க முடியும். அதுக்கு உங்க எல்லார் ரேகையும் வேணும். வீட்டு ஆளுங்ககிட்ட விரல் குடுங்கன்னு கேட்டா "எங்களையே சந்தேகப்படுறீங்களா"ன்னு எகிறுவாங்க பாருங்க, அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

கழிச்சு மிச்சம் வந்த ரேகைய எதோட ஒப்பிடுறது? அதான் பெரிய கேள்வி. ஏற்கெனவே பிடிபட்டவனா இருந்தா ரெக்கார்டுல இருப்பான், 2022ல இருந்து நாடு பூரா இருக்க ரேகையெல்லாம் நாஃபிஸ்னு ஒரே கம்ப்யூட்டர் சிஸ்டத்துல தேடலாம். புதுத் திருடனா இருந்தா அவன் வேற எங்கயாச்சும் மாட்டுற வரைக்கும் உங்க வீட்டு ரேகை அங்க காத்துக்கிட்டுதான் கிடக்கும். ட்ரெயினிங்ல எங்களுக்கு பேனா வியாபாரி ஆளவந்தார் கொலைக் கேஸ்தான் சொல்லுவாங்க. 1952 ஆகஸ்ட் கடைசில போட் மெயில் ரயில்ல ஒரு ட்ரங்குப் பெட்டி நாத்தமடிச்சு மானாமதுரைல இறக்குனா உள்ள தலையில்லாத உடம்பு, தலை கிடைச்சது ராயபுரம் கடற்கரையில. ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சி.பி.கோபாலகிருஷ்ணன் பாத்துச் சொன்னாரு. செத்துப்போன ஆளவந்தார் முன்னாடி ராணுவத்துல இருந்திருக்காரு, ரேகை அங்க இருந்துச்சு, பிணத்து விரலோட ஒத்துப்போச்சு. ராணுவத்துல சேராம பேனா வியாபாரம் மட்டும் பண்ணிருந்தார்னா அந்த ரேகைய எதோட வெச்சுப் பாத்திருப்பாங்க?

"நம்மூர்ல எங்க சார் லேபு"ன்னு கேக்குறவங்களுக்கு ஒன்னே ஒன்னு. 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தியக் கொன்ன குண்டுவெடிப்புல செத்துப்போன போட்டோகிராபர் ஹரிபாபுவோட கேமரா தப்பிச்சுது, அதுல இருந்த படத்துலதான் குண்ட கட்டிக்கிட்டு மாலையோட நின்ன பொண்ணும் சதிக்குத் தலைமை தாங்குன குர்தா போட்ட சிவராசனும் தெரிஞ்சாங்க. சிதறிக் கிடந்த துணி, வயர் துண்டெல்லாம் பொறுக்கி வெச்சு, அது இடுப்புல கட்டிட்டு வந்த பெல்ட் பாம்னு சொன்னது சந்திரசேகரன் சார் தலைமைல இருந்த நம்ம தமிழ்நாடு லேபு. வெளிநாட்டுக்காரன் இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது லேபப் பத்தி இல்ல, கட்டுறதப் பத்தி. தடயத்த எடுக்குறது, காய வைக்கிறது, கட்டுறது, சீல் வைக்கிறது, யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சுன்னு எழுதுறது. இதுல கோட்டை விட்டா அதுக்கப்புறம் எவ்வளவு பெரிய மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

நான் ஏட்டா இருந்தப்ப ஒரு வாழத்தோப்புல கொலை, வரப்புத் தகராறு, பங்காளிங்களுக்குள்ள. ஸ்பாட்ல சாட்சிங்க முன்னாடி பாத்தத எழுதுற பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச், ரத்தம் படிஞ்ச மண், அதோட கொஞ்சம் தள்ளி ரத்தம் படாத சாதா மண். இந்த சாதா மண்ண எதுக்குய்யா எடுக்குறீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. ரத்த மண்ணுல வர்ற ரிசல்ட் அந்த மண்ணாலயே வந்தது இல்லன்னு காட்ட ஒப்பிட ஒன்னு வேணும்ல, அதுக்குத்தான். அன்னைக்கு ராத்திரியே ஆள் மாட்டிக்கிட்டான், பம்புசெட் ரூம்ல இருந்து அரிவாளும் வேட்டியும் எடுத்துக் குடுத்தான். வேட்டிய அரைகுறையா அலசி வெச்சிருக்கான், கரைகிட்ட கறை அப்படியே நிக்குது, சொதசொதன்னு ஈரம். எஸ்ஐ புதுசா வந்த பையன், நல்லவர்தான், "ஏட்டய்யா, கேரி பேக்ல போட்டுக் கட்டிருங்க, காலைல கோர்ட்டுக்கு அனுப்பணும்"னாரு. நான் சொன்னேன், "அய்யா, ஈரத்தோட பிளாஸ்டிக்ல கட்டுனா பூசணம் பிடிச்சு கறை மக்கிரும், அப்புறம் ரத்தம்னு வரும், குரூப் வராது." லேபுல இருந்து வந்து எங்களுக்கு ஒரு க்ளாஸ் எடுத்திருந்தாங்க, மத்தவங்க பின்னாடி உக்காந்து தூங்குனாங்க, நான் தூங்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரு சரின்னுட்டாரு. ரைட்டர் ரூம்ல பழுப்புப் பேப்பர் விரிச்சு, வெயில் படாம, வேட்டியப் போட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பாரா ட்யூட்டில இருந்த பையன் "ஏட்டய்யா வேட்டி காயப் போட்டிருக்காரு, இஸ்திரி போட்டுத் தருவீங்களா"ன்னு நக்கல். காஞ்சதும் பேப்பர்ல மடிச்சு, காடாத் துணில தச்சு, அரக்கு வெச்சு, மாதிரி சீல் தனியா ஒன்னு எடுத்து, எல்லாத்துக்கும் ஜிடில, அதாவது ஸ்டேஷன் பொது நாட்குறிப்புல, நேரம் போட்டு எழுதுனேன். அப்புறம் கேஸ் சொத்து அனுப்புற ஃபாரம் 95ல கோர்ட்டுக்கு, அங்க லெட்டர் வாங்கி லேபுக்கு. பஸ்ல மடில வெச்சுக்கிட்டுதான் போனேன், கண்டக்டர் "என்ன சார், கருவாடா"ன்னு கேட்டாரு.

ரிப்போர்ட் வந்துச்சு. வேட்டில மனித ரத்தம், பி குரூப். செத்தவரு பி, இவன் ஓ. விசாரணைல மகஜர் சாட்சி ஒருத்தன் முன்ன சொன்னத மாத்திச் சொல்லி பிறழ் சாட்சி ஆயிட்டான், தலையாரி மட்டும் நின்னாரு. அப்புறம் என்னைய கூண்டுல ஏத்தி எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை.

"ராத்திரி பூரா வேட்டிய ஸ்டேஷன்ல விரிச்சு வெச்சிருந்தீங்க?"

"ஆமாங்கய்யா."

"செத்தவர் உடுத்தியிருந்த ரத்தத் துணியும் அதே ஸ்டேஷன்லதான் இருந்துச்சு?"

எங்க கொண்டு போறாருன்னு புரிஞ்சுருச்சு, அந்தத் துணில இருந்து நாங்களே தடவிட்டோம்னு சொல்லப் போறாரு. "இல்லங்கய்யா, போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு அந்தத் துணி மறுநாள் மத்தியானம்தான் ஸ்டேஷனுக்கு வந்துச்சு, வேட்டிக்கு காலைலயே சீல் வெச்சாச்சு, ஜிடில நேரம் இருக்கு, லேப் ரிப்போர்ட்லயும் சீல் சரியா இருந்துச்சுன்னு போட்டிருக்காங்க"ன்னேன். அவரு ஜிடிய வாங்கிப் புரட்டிப் பாத்துட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. தண்டனை ஆச்சு. தீர்ப்புல வேட்டியப் பத்தி ஒரு பாரா இருக்கு. ரிவார்டு எஸ்ஐக்கு, நானும் வாழ்த்துச் சொன்னேன், பொறாமையெல்லாம் இல்ல.

சரி, பொறாமை இல்லன்னு எழுதுனதால இதையும் எழுதிர்றேன். கோர்ட் டூட்டின்னாலே ஸ்டேஷன்ல ஓபி அடிக்கிறவன்னு பேரு. சாப்பாட்டு நேரத்துல லேப் வாசல்ல பார்சலோட நின்னவனுக்குத் தெரியும் அந்த ஓபி. ரிட்டயர் ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பயணப்படி பில் போட்டேன், டிக்கெட்ட ஒட்டி அனுப்புனேன், இப்பதான் மெஷின்ல வர்ற டிக்கெட்டாச்சே, மேசைக்கு மேசை நகர்ந்து உரியவர் கைக்குப் போறதுக்குள்ள எழுத்தெல்லாம் வெளிறிப் போச்சு. "தொகை தெரியவில்லை"ன்னு சிவப்பு மைல எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. கொலைக் கேஸ்ல கறைய காப்பாத்துனவனுக்கு பஸ் டிக்கெட்ட காப்பாத்தத் தெரியலயான்னு என் பொண்டாட்டி இன்னைக்கும் கேக்குறா. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்கணும்.

இப்ப "குரூப் ஒத்துப்போனா போதுமா, பி குரூப் ஊர்ல ஆயிரம் பேருக்கு இருக்கும்"னு யாராச்சும் வருவீங்க. கரெக்ட். குரூப் மட்டும் வெச்சு இவன்தான்னு சொல்ல முடியாது, சொல்லவும் இல்ல, நேர்ல பாத்த சாட்சி இருந்துச்சு, வேட்டி அதுக்குத் துணைக்கு நின்னுச்சு. குற்றவாளிக்கும் செத்தவருக்கும் ஒரே குரூப்பா இருந்திருந்தா வேட்டிக்கு மதிப்பே குறைஞ்சிருக்கும். அதுக்குத்தான் இப்ப டிஎன்ஏ. ஆனா டிஎன்ஏவுக்கும் ஈரமும் சூடும்தான் எமன், மெஷின் மாறிருக்கு, பேப்பர் கவர் மாறல. 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது சட்டத்துல 7 வருஷமும் அதுக்கு மேலயும் தண்டனை வர்ற குற்றம்னா தடயவியல் நிபுணரே ஸ்பாட்டுக்கு வரணும், தடயம் எடுக்குறத வீடியோ எடுக்கணும்னு இருக்கு, ஒவ்வொரு மாநிலமும் நடைமுறைப்படுத்த 5 வருஷம் வரைக்கும் டைம். நல்ல விஷயம். வர்றவங்களுக்கு வண்டியும் பேட்டாவும் ஒழுங்கா குடுத்தாங்கன்னா இன்னும் நல்ல விஷயம்.

போலீஸ்காரன் போலீஸுக்குத்தான் பேசுவான்னு கமெண்ட் போடப் போறவங்க தாராளமா போடுங்க. தடயமே இல்லாம அடிச்சு ஒத்துக்க வெச்ச கதையெல்லாம் எனக்கும் தெரியும், அதனாலதான் தடயத்தப் பத்தி இவ்வளவு எழுதுறேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு. ஸ்டேஷனுக்குப் போயி "என்ன சார் ஆச்சு"ன்னு பொதுவா கேக்காதீங்க, "விசாரணைல இருக்கு"ன்னு ஒரே வார்த்தைல அனுப்பிருவாங்க. முதல்ல உங்க கையில இருக்கிறது எஃப்ஐஆர் காப்பியா, புகார் வாங்கிக்கிட்டதுக்குக் குடுக்குற வெறும் சிஎஸ்ஆர் ரசீதான்னு பாருங்க, பாதிப் பேரு ரசீத வெச்சுக்கிட்டே கேஸ் போட்டாச்சுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. எஃப்ஐஆர் இருந்தா, சான்ஸ் பிரிண்ட் ஒப்பிடுற அளவுக்குத் தெளிவா கிடைச்சுதா, வீட்டு ஆளுங்க ரேகையோட கழிச்சுப் பாத்தாச்சா, நாஃபிஸ்ல தேடியாச்சா, இந்த மூணையும் எழுதி மனுவா குடுத்து, நகல்ல சீல் போட்டு வாங்கிக்கோங்க. ரேகை குடுக்க மாட்டேன்னு வீட்ல யாராச்சும் முரண்டு பிடிச்சா அவங்கள முதல்ல கூட்டிட்டுப் போங்க.