ஃபென்டனில், சட்டம், சிகிச்சை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருளை விற்பவர்களுக்குக் கடும் சிறை தரும் அமெரிக்காவின் புதிய சட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். விற்பவனைப் பிடிக்க வழி செய்துவிட்டு அடிமையானவனின் சிகிச்சையை விட்டுவிட்டார்கள், பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நாங்கள் ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் போன வருடம் ஒரு பையன் இறந்துபோனான். இருபத்து மூன்று வயது. முட்டி அறுவைக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கியது என்று அவன் அம்மா சொன்னார். சிகிச்சை மையத்துக்கும் போய் வந்தவன்தான். விற்றவனுக்குப் பத்து வருடம் சிறை என்றால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? சிங்கப்பூரில் தூக்கே போடுகிறார்கள். அங்கே இந்த மாதிரி சாவு இருக்கிறதா? இங்கே என்னவென்றால், அடிமையானவர்களுக்கு இன்னொரு போதை மருந்தைக் கொடுத்து அதைச் சிகிச்சை என்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகன் கல்லூரி விடுதிக்குப் போகப்போகிறான். போதை அளவு மீறி (ஓவர்டோஸ்) மூச்சு நிற்பவரை மீட்கும் நாலோக்சோன் மருந்தைப் பையில் வைத்து அனுப்பச் சொல்கிறார்கள். அப்படிக் கொடுத்தால், போதை எடுத்துக்கொள்ள நாமே அனுமதி கொடுத்தது போல ஆகிவிடாதா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு தாய், ஒஹாயோ

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையனின் குடும்பத்துக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள். விற்றவன் மீது உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. தெரிந்தே ஃபென்டனில் விற்பவனைச் சிறையில் போடக் கூடாது என்று நான் எழுதவில்லை. அவனைப் பிடித்த அன்றைக்கு, அவனிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்றுதான் கேட்டிருந்தேன்.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதை உங்கள் மாநிலம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. கொலம்பஸுக்குத் தெற்கே, ஒஹாயோ ஆற்றங்கரையில் போர்ட்ஸ்மத் என்று ஓர் ஊர். 2000-களில் அங்கே 'பில் மில்' எனப்பட்ட கிளினிக்குகள் வரிசையாக இருந்தன. ரொக்கம் கொடுத்தால் போதும், உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வலி மாத்திரைச் சீட்டு கிடைக்கும். 1996-ல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரைதான் அந்த வியாபாரத்தின் ராஜா. அதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் பொய் சொல்லி விற்றதை, அந்த மாத்திரையைத் தயாரித்த பர்டூ நிறுவனம் 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 60 கோடி டாலர் கட்டியது. அதன் அதிகாரிகள் யாரும் அந்த வழக்கில் சிறைக்குப் போகவில்லை.

2010 ஆகஸ்டில் ஆக்ஸிகான்டினைப் பொடியாக்கி உறிஞ்ச முடியாதபடி மாற்றினார்கள். 2011-ல் ஒஹாயோ சட்டமன்றம் பில் மில்களுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. கிளினிக்குகள் மூடப்பட்டன. மூட வேண்டியவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே வரிசையில் நின்றவர்களின் உடம்பு ஓபியாய்டு எனப்படும் அபினி வகைப் பொருளைக் கேட்பதை நிறுத்தவில்லை. மாத்திரை நின்றால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, நடுக்கம், எலும்புக்குள் வலி. அவர்களுக்குச் சிகிச்சை தர இடம் இல்லை. ஹெராயின் இருந்தது, மாத்திரையைவிட மலிவாகவே. அமெரிக்கா முழுவதும் 2010-ல் ஹெராயினால் இறந்தவர்கள் சுமார் 3,000 பேர். 2014-ல் 10,000-க்கும் மேல்.

பிறகு ஃபென்டனில் வந்தது. ஹெராயினைவிட ஏறக்குறைய 50 மடங்கு வீரியம். இரண்டு மில்லிகிராம் போதும் ஆளைக் கொல்ல. கெடுபிடி அதிகமாக அதிகமாக, சின்னதாக மறைத்துக் கடத்தக்கூடிய சரக்குக்குத்தான் வியாபாரி மாறுவான். ஒரு மூட்டை ஹெராயின் செய்த வேலையை ஒரு தபால் உறை செய்யும் என்றால் எவன் மூட்டையைத் தூக்குவான்? சரக்கின் வரத்தை அடைக்கும் சட்டம், சிகிச்சை இல்லாமல் தனியாக வரும்போது எனக்கு வரும் பயம் இதனால்தான்.

இப்போது நீங்கள் ஆதரிக்கும் சட்டத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை 16 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட 'ஹால்ட் ஃபென்டனில்' சட்டம், ஃபென்டனிலை ஒத்த செயற்கைப் பொருள்கள் அனைத்தையும் போதைப்பொருள்களுக்கான மிகக் கடுமையான முதல் பட்டியலில் நிரந்தரமாக வைக்கிறது. 2018-லிருந்தே தற்காலிகமாக அங்கே இருந்தவைதான். அந்தப் பொருள் கலந்த சரக்கு 100 கிராம் இருந்தால் குறைந்தது பத்து வருடம். கவனியுங்கள், எடை என்பது கலவையின் மொத்த எடை. செனட்டில் 84 பேர் ஆதரித்தார்கள், 16 பேர் எதிர்த்தார்கள். சிகிச்சைக்கான ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஜூலை 4 அன்று, அதே கையால் இன்னொரு சட்டத்தில் கையெழுத்து விழுந்தது. வரி, செலவு பற்றிய பெரிய சட்டம் அது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டில் அது கை வைக்கிறது. ஓபியாய்டு சிகிச்சைக்கு அமெரிக்காவில் மிக அதிகம் செலவு செய்வது மெடிகெய்ட்தான். ஒஹாயோ 2014-ல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் கேஸிக் காலத்தில் அதை விரிவுபடுத்தியதால் எத்தனையோ பேருக்குச் சிகிச்சை கிடைத்தது. இனி அப்படிச் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை அல்லது அதற்கு ஈடான ஒன்றைச் செய்வதாகக் காட்ட வேண்டும். போதைக்கு அடிமையானவர்களுக்கு விலக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்கு தனக்குப் பொருந்தும் என்று நிரூபிக்க ஆவணம் வேண்டும். ஒழுங்காக ஒரு முகவரிகூட இல்லாதவர் அந்தப் படிவத்தை நிரப்பி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, தேதிக்குள் அனுப்ப வேண்டும். பாதி வேலை என்று நான் சொன்னது இந்த இரண்டு கையெழுத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான்.

'இன்னொரு போதை மருந்து' என்று நீங்கள் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம்மவர்களில் படித்தவர்கள், டாக்டர்கள் உட்பட, இதைச் சொல்கிறார்கள்.

பியூப்ரினார்ஃபின் என்ற மருந்து மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் போய் உட்காரும். ஆனால் முழுதாக வேலை செய்யாது. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் அதன் விளைவு ஏறாது, அதனால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிகக் குறைவு. நடுக்கமும் வேட்கையும் அடங்கும். காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியும், குழந்தையைப் பள்ளியில் விட முடியும். இதையோ, மெதடோன் என்ற இன்னொரு சிகிச்சை மருந்தையோ தொடர்ந்து எடுப்பவர்களிடையே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்தில்லாமல் சில வாரம் மையத்தில் தங்கவைத்து அனுப்புவதில்தான் பெரிய ஆபத்து. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவையே மறுபடி எடுப்பார்கள், மூச்சு நின்றுவிடும். உங்கள் தெருப் பையனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிகிச்சை மையத்துக்குப் போய் வந்தவன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இந்த மருந்தை யாராவது அவனுக்குக் கொடுத்தார்களா என்றுதான் மனம் கேட்டது.

இந்த மருந்துக்குக் குறுக்கே நின்றது சட்டம்தான். 1914-ல் அபினி, கோக்கெய்ன் வகைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஹாரிசன் சட்டம் வந்தது. அடிமையானவருக்கு அந்தப் பழக்கத்தைத் தாங்க மருந்து எழுதுவது மருத்துவமே ஆகாது என்று 1919-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி எழுதிய டாக்டர்கள் மீது வழக்குப் போட்டார்கள். 1970-களில் மெதடோனை அனுமதித்தபோதும் தனிக் கிளினிக்கில், தினமும் நேரில் வரிசையில் நின்று குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடுதான் அனுமதித்தார்கள். பியூப்ரினார்ஃபின் 2002-ல் வந்தது. அதை எழுத டாக்டர் எட்டு மணி நேரத் தனிப் பயிற்சி எடுத்து, மத்திய அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். தொடக்கத்தில் 30 நோயாளிக்கு மேல் பார்க்கவும் கூடாது. அதே டாக்டர் ஆக்ஸிகான்டின் எழுத இந்தப் பயிற்சியும் வேண்டாம், எண்ணிக்கை வரம்பும் கிடையாது. அடிமையாக்கும் மாத்திரையை யாரும் எழுதலாம், அதிலிருந்து மீட்கும் மருந்தை எழுத அனுமதி வேண்டும் என்ற இந்த நிலை இருபது வருடம் நீடித்தது. அந்த இருபது வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2016-ல் ஒபாமா கையெழுத்திட்ட 'காரா' சட்டம் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இந்த மருந்தை எழுத வழி செய்தது. 2018-ல் ஓபியாய்டு சிகிச்சையை விரிவாக்கும் 'சப்போர்ட்' சட்டம் செனட்டில் 98-க்கு 1 என்று நிறைவேறியது. தனி அனுமதி என்ற விதி முழுதாகப் போனது 2022 டிசம்பர் கடைசியில், ஒரு பெரிய வரவுசெலவுச் சட்டத்தின் நடுவே. பத்திரிகைகளில் பெரிதாக வரவுமில்லை. என் கணக்கில் இந்த நூறு வருடத்தில் வந்த போதைச் சட்டங்களில் மிக நல்லவற்றில் அது ஒன்று. உடனே எல்லாம் மாறிவிடவில்லை என்பதும் உண்மை. பல டாக்டர்கள் இன்னும் எழுதத் தயங்குகிறார்கள், மருந்துக்கடைகள் வாங்கி வைக்கத் தயங்குகின்றன.

சிறை பற்றியும் ஒரு தகவல். விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஒருவர் ஓவர்டோஸில் இறக்கும் ஆபத்து சாதாரண மக்களைவிட 129 மடங்கு என்று வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று கண்டது. ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-ல் தன் சிறைகளில் பியூப்ரினார்ஃபின், மெதடோன் போன்ற இந்தச் சிகிச்சை மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியது. அந்த வருடத்தின் முதல் ஆறு மாதத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்களில் அண்மையில் விடுதலையானவர்கள் 26 பேர். அடுத்த வருடம் அதே ஆறு மாதத்தில் 9 பேர். நீங்கள் கேட்கும் பத்து வருடச் சிறையைக் கொடுங்கள், சரி. சிறைக்குள் இந்த மருந்தையும் கொடுங்கள் என்று நான் கேட்கிறேன்.

சிங்கப்பூர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் அங்கே நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழரைத் தூக்கிலிட்டார்கள். தொடையில் கட்டிக் கொண்டுவந்தது 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் சோதனையில் அவர் பெற்றது 69. அந்தச் சரக்குக்கு உரிமையாளர் வேறு யாரோ. சுமப்பவர்தான் பிடிபடுவார், சுமப்பவர் ஏழையாக இருப்பார், பல சமயம் நம் ஆளாகவும் இருப்பார். தூக்கை ஆதரித்து என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது.

அமெரிக்காவில் ஓவர்டோஸ் சாவு 2022-ல் ஏறக்குறைய 1,08,000. 2024-ல் சுமார் 80,000. பத்து வருடச் சிறைச் சட்டம் வருவதற்கு முன்பே இந்தச் சரிவு வந்துவிட்டது. நாலோக்சோன் பரவியது, சிகிச்சை கூடியது, தெருச் சரக்கு மாறியது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். ஆபத்தில் இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள் என்பதும் அதில் ஒன்று.

இனி உங்கள் மகன். நாலோக்சோன் வாங்கிக் கொடுங்கள், தயங்கவே வேண்டாம். 2022 மே மாதம், உங்கள் ஊரிலுள்ள ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். தேர்வு சமயத்தில் விழித்துப் படிக்க மாணவர்கள் எடுக்கும் அடெரால் மாத்திரையின் போலி அது, உள்ளே ஃபென்டனில். நம் வீடுகளில் மதிப்பெண்ணுக்காக நாம் கொடுக்கும் அழுத்தம் உங்களுக்கும் தெரியும். போதையை ஏறெடுத்தும் பார்க்காத பையன்கூட 'ஒரே ஒரு மாத்திரை, படிக்கத்தான்' என்று அறைத்தோழன் நீட்டினால் வாங்கிவிடலாம். மருந்துக்கடையில் தன் பெயருக்கு வாங்காத எந்த மாத்திரையையும் தொடாதே என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். நாலோக்சோன் போதை தராது. ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறாக அடித்துவிட்டாலும் கெடுதல் செய்யாது. அவனுக்குத் தேவைப்படாமல் போகலாம், பக்கத்து அறைப் பையனுக்குத் தேவைப்படலாம்.

2023-லிருந்து நாலோக்சோன் டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கிறது. இரண்டு டோஸ் உள்ள பெட்டி கடையில் 45 டாலர் அளவில் இருக்கும். ஒஹாயோவில் 'ப்ராஜெக்ட் டான்' திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள், உங்கள் கவுண்டி சுகாதாரத் துறையில் கேளுங்கள். எழுப்பினால் எழாமல், மூச்சு மிக மெதுவாக, தொண்டையில் கரகரவென்று சத்தம், உதடு நீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால் மூக்கில் ஒரு முறை அந்த மருந்தை அடித்து, உடனே அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இரண்டாவது டோஸ். எழுந்துவிட்டான் என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. மருந்தின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும், ஃபென்டனில் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம்.

போலீஸ் வரும் என்று பயந்து போன் செய்யாமல் விட்டதால் போன உயிர்கள் நிறைய. அதற்காகத்தான் 2007-ல் நியூ மெக்ஸிகோவில் தொடங்கி, உதவிக்கு அழைத்தவரைக் காக்கும் சட்டங்கள் வந்தன. ஒஹாயோவிலும் 2016-லிருந்து இருக்கிறது. கையில் சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்குத்தான் காப்பு, விற்ற குற்றத்துக்கு இல்லை, நிபந்தனைகளும் உண்டு. நம் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். மாநிலச் சட்டம் தரும் காப்பு மத்தியக் குடியேற்றச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. மகன் குடியுரிமை இல்லாதவன் என்றால், போதைப்பொருள் வழக்கில் வரும் தண்டனை அவனை நாட்டை விட்டே அனுப்பிவிடக்கூடும். அப்படி ஏதாவது நடந்தால் போலீஸிடம் விளக்கம் சொல்லும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேச வேண்டும். ஆனால் அதெல்லாம் அடுத்த நாள் பிரச்சினை. பக்கத்தில் ஒருவன் மூச்சில்லாமல் கிடக்கும்போது வீசாவைப் பற்றி யோசிக்காதே, முதலில் 911-ஐக் கூப்பிடு, என்ன வந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நீங்களும் அவன் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து, விடுதிக்குப் போகும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்